பிட் இல்லாமல் பேரல் சுற்றலாமா?

குதிரைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க ரோடியோ வீடியோ ஒன்று பார்த்தேன். மூன்று டிரம்களைச் சுற்றிக் குதிரை பறக்கிறது, அதன் வாயில் இரும்பே இல்லை. எதைப் பிடித்து நிறுத்துகிறார்கள்? இது என்ன போட்டி? (வாசகர், கோவை)

பேரல் ரேசிங். 55 காலன் டிரம்கள் மூன்றை முக்கோணமாக நிறுத்தியிருப்பார்கள். குதிரை ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, மூன்றாவதை முடித்ததும் நேர்கோட்டில் பாய்ந்து வெளியேற வேண்டும். கடிகாரம்தான் நடுவர். முழு அளவு அரீனாவில் (போட்டிக் களத்தில்) முதல் இரண்டு டிரம்களுக்கு இடையே 90 அடி, அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவதுக்கு 105 அடி, நேரக்கோட்டிலிருந்து முதல் இரண்டுக்கும் 60 அடி. இந்த அளவில் தேர்ந்த ஜோடி 17 வினாடிக்குப் பக்கத்தில் முடித்துவிடும். டிரம் சாய்ந்தால் 5 வினாடி அபராதம், அதாவது அன்றைய ஓட்டம் போச்சு. 1948-இல் டெக்சஸில் பெண்களே கூடித் தொடங்கிய சங்கம் இன்று டபிள்யூ.பி.ஆர்.ஏ. (பெண்கள் தொழில்முறை ரோடியோ சங்கம்) என்ற பெயரில் இதை நடத்திவருகிறது.

வாயில் பிட் என்ற அந்த இரும்பு இல்லாவிட்டால் என்ன, மூக்கு இருக்கிறதே! மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மூக்கைத் துளைத்து உள்ளே போகிறது. இங்கே வார் மூக்கின் மேல் உட்காருகிறது. லகானை இழுத்தால் அந்த வார் மூக்கெலும்பை அழுத்தும். சில வகைகளில் தாடைக்கு அடியிலும் பிடரியிலும்கூட அழுத்தம் விழும். வலியில்லாத வித்தை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதைப் பற்றிக் கீழே நிறைய வருகிறது.

நம் ஊர்க் கல்யாண ஊர்வலக் குதிரைகளுக்கு முள் வைத்த கடிவாளம் போடுகிறார்களே, அதை 1965-ஆம் ஆண்டு வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன. எங்காவது கண்ணில் பட்டால் கேளுங்கள்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. ஒன்பது வயதுக் குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரை, காயடித்த ஆண். முதல் டிரம்மை நெருங்கும்போது தலையை உதறி வாயைப் பிளக்கிறது. பிட்டைக் கழற்றிவிட்டு மூக்குவாருக்கு மாறச் சொல்கிறார்கள். கடையில் நாலைந்து வகை தொங்குகின்றன. எதை வாங்குவது? (வாசகி, வெதர்ஃபோர்ட், டெக்சஸ்)

கடைக்குப் போவதற்கு முன்னால் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தாக வேண்டும். கால்நடை மருத்துவரோ குதிரைப் பல் பார்ப்பவரோ கடைசியாக வந்து எத்தனை மாதம் ஆயிற்று? மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கூர்ந்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் உல்ஃப் டூத் என்ற சுண்டுப் பல் நின்று பிட்டில் இடிக்கலாம். இவை இரண்டும் பல் வைத்தியத்தில் தீருபவை. இன்னொன்றும் கவனியுங்கள்: கூர்ந்த பல் இருக்கும் குதிரைக்கு மூக்குவாரை இறுக்கினால் கன்னம் உள்பக்கமாகப் பல்லின்மேல் அழுந்தும். பிட்டை எடுத்தும் உதறல் நிற்கவில்லை என்று வருகிற புகார்களில் இதுவும் ஒரு காரணம். பின்னங்கால் மூட்டு வலி, வயிற்றுப் புண், முதுகில் சேணம் கடிப்பது – இவையும் முதல் டிரம் முன்னால்தான் வெளியே தெரியும். ஏனென்றால் முழுவேகத்தில் வந்து, பின்னங்காலில் உட்கார்ந்து திரும்பும் இடம் அதுதான்.

வாய் சரியாக இருக்கிறது, உடம்பும் சரி என்று தெரிந்தபின் கடைக்குப் போங்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வகைகள் தாமாகவே கழிந்துவிடும். டிரம்முக்கு வரும் நேர்கோட்டில் உங்கள் மகள் இரண்டு கையாலும் லகான் பிடித்திருப்பாள். அங்கே வேண்டியது வேகத்தை அடக்குவது. திருப்பத்தில் வெளிக்கை சேணக்கொம்புக்குப் போய்விடும்; உள்கை ஒன்றே லகானில் இருக்கும்; அங்கே வேண்டியது தலையைப் பக்கவாட்டில் கூட்டிவருவது. ஒரு வினாடி இடைவெளியில் இரண்டு வேறு வேலைகள். வாங்கப்போகும் சாமான் இரண்டையும் செய்ய வேண்டும், செய்த கையோடு விட்டும் விட வேண்டும்.

சைடுபுல் என்பது மூக்குவாரின் இரு பக்கமும் வளையம், அதில் லகான், அவ்வளவுதான். நெம்புகோல் கிடையாது. இடதை இழுத்தால் மூக்கு இடதுபக்கம் வரும், விட்டால் அந்தக் கணமே அழுத்தம் போய்விடும். பக்கவாட்டு வேலைக்கு இதைவிடத் தெளிவானது இல்லை. நிறுத்தும் சக்தி மட்டும் குறைவு. மூக்குமேல் வருவது தட்டையான தோலா, இறுகப் பின்னிய கயிறா என்று பாருங்கள். ஒரே இழுப்புக்குக் கயிறு மெல்லிய கோட்டில் அழுத்தும், தோல் பரப்பி அழுத்தும்.

கம்பி ஹாக்கமோர் என்பது மூக்குவாரோடு இரண்டு பக்கமும் ஷாங்க் என்ற கம்பி, தாடைக்கடியில் சங்கிலி. பேரல் அரீனாக்களில் அதிகம் பார்ப்பது இதன் குட்டை ஷாங்க் வகைதான். வேகத்தை நன்றாக அடக்கும். ஆனால் இரண்டு ஷாங்கும் கீழே குறுக்குக் கம்பியால் சேர்ந்திருக்கிறதா, தனித்தனியாக அசைகிறதா என்று கையில் எடுத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சக்கர ஹாக்கமோர் இவ்விரண்டுக்கும் நடுவில். கம்பிக்குப் பதில் ஆரக்கால் வைத்த சிறு உலோகச் சக்கரம். எந்த இடைவெளியில் எந்த வாரை மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து நெம்பு கொஞ்சம் கூடும், குறையும். இரண்டு பக்கமும் தனித்தனி.

குறுக்குவார் வகை கால்நடை மருத்துவர் ராபர்ட் குக் பரப்பியது. பிடரியிலிருந்து இறங்கும் வார்கள் தாடைக்கடியில் குறுக்கே மாறி எதிர்ப்பக்க லகானுக்குப் போகும். இடதை இழுத்தால் வலக்கன்னம் தள்ளப்படும். காட்டுப்பாதைச் சவாரிக்கு, நிதானமான பயிற்சிக்கு அருமை. பேரலுக்கு நான் சொல்லமாட்டேன். வேர்வையும் அரீனா மணலும் சேர்ந்தால் தாடைக்கடியில் வார் வழுக்காமல் நின்றுவிடும். நீங்கள் லகானை விட்டபிறகும் பிடி விடுவதில்லை. குதிரை திருப்பத்தை முடித்து நேராகப் பாய வேண்டிய நேரத்தில் தலை இன்னும் கட்டுண்டிருக்கும்.

போசால் என்ற பச்சைத்தோல் பின்னல் வளையம் பழைய ஸ்பானிய – கலிபோர்னியப் பயிற்சி முறைக்குரியது. இளங்குதிரையை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செதுக்குவதற்கு. முழுவேகத்தில் ஒருகையால் இழுத்தால் அது பேசும் மொழி குழம்பிவிடும். கடைசியாக, ஹாக்கமோர் மாதிரி தோற்றத்தில் பிட்டும் சேர்ந்தே வரும் கூட்டு வகை கடையில் இவற்றோடேயே தொங்கும். வாய்க்குள் இரும்பு போகிறது. உங்கள் கேள்விக்கு அது பதிலே இல்லை.

உங்கள் நிலைமைக்கு: முதலில் தட்டைத்தோல் சைடுபுல். இரண்டு மாதம் அதில் பழக்கியும் நேர்கோட்டில் அடங்கவில்லை என்றால் சக்கர வகை. அதற்கும் மேலே வேண்டுமானால் மட்டும் தனித்தனி ஷாங்க் கொண்ட குட்டை ஹாக்கமோர். 14 வயதுக் கையில் நேரடியாக நீள ஷாங்க் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வாயில் இரும்பு இல்லை என்றாலே மென்மையானதுதானே? அண்ணன் தன் குதிரைக்கு 8 அங்குல ஷாங்க் ஹாக்கமோர் போட்டுவிட்டு அப்படித்தான் சொல்கிறார். (வாசகர், ஹூஸ்டன்)

அண்ணனிடம் ஒரு அளவுநாடாவைக் கொடுங்கள். ஷாங்கில் மூன்று புள்ளிகள்: மேலே தாடைச் சங்கிலி மாட்டும் கொக்கி, அதற்குக் கீழே மூக்குவார் பிடித்திருக்கும் அச்சு, அடியில் லகான் வளையம். அச்சிலிருந்து சங்கிலிக் கொக்கிக்கு 5 செ.மீ., அச்சிலிருந்து லகான் வளையத்துக்கு 15 செ.மீ. என்று வையுங்கள். லகானில் 1 கிலோ இழுத்தால் சங்கிலியில் 3 கிலோ ஏறும். மூக்குவார் இரண்டையும் சேர்த்துத் தாங்குவதால் மூக்கெலும்பில் 4 கிலோ. அடிப்பகுதியை 20 செ.மீ. ஆக்குங்கள், அதாவது அண்ணனின் 8 அங்குலம்: சங்கிலியில் 4, மூக்கில் 5. இது 1 கிலோ இழுப்புக்கான கணக்கு. வேகத்தில் நிலைகுலைந்து லகானைப் பிடித்துத் தொங்கும் கையின் இழுப்பு 1 கிலோவோடு நிற்காது.

அந்தச் சுமை விழும் இடத்தையும் பாருங்கள். மூக்கின் மேல் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. தாடைக்கடி விளிம்போ கத்தி முதுகு மாதிரி. சொரசொரப்பான கயிறும் முறுக்கிய சங்கிலியும் சேர்ந்தால், நெம்பு இல்லாத சுமாரான ஸ்னாஃபில் பிட்டே மேல் என்று குதிரைக்குத் தோன்றும்.

நீள ஷாங்கில் ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். லகான் வளையம் அதிக தூரம் நகர்ந்தபின்தான் சங்கிலி இறுகும் என்பதால் குதிரைக்கு முன்னறிவிப்பு கிடைக்கிறது. நிதானமான கைக்கு அது வரம். பேரல் ஓட்டத்தில் அந்த நிதானத்துக்கு நேரமில்லை.

கேள்வி: மூக்குவார் சரியாக எந்த இடத்தில் உட்கார வேண்டும்? ஒருவர் மேலே என்கிறார், ஒருவர் கீழே என்கிறார். (வாசகி, கேட்டி, டெக்சஸ்)

கண்ணால் பார்த்துச் சொல்வதால்தான் இந்தச் சண்டை. விரலால் தேடுங்கள்.

தலைவாரை (தலையில் மாட்டும் முழு வார்த்தொகுப்பை) மாட்டாமல் குதிரையின் இடப்பக்கம் நில்லுங்கள். கட்டைவிரலை மூக்குத்தண்டின் ஒரு பக்கமும் ஆள்காட்டி விரலை மறுபக்கமும் வைத்து, நாசித் துவாரத்துக்கு மேலிருந்து மெதுவாக மேல்நோக்கி வழித்துக்கொண்டு போங்கள். முதலில் இரண்டு பக்கமும் மெத்தென்று உள்ளே அமுங்கும். அங்கே நடுவில் மூக்கெலும்பின் மெல்லிய நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கங்களில் எலும்பில்லை. இன்னும் மேலே போனால் இரண்டு விரலுக்கும் ஒரே சமயத்தில் கெட்டியாகத் தட்டும். அந்தக் கெட்டி தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு மேலே இரண்டு விரல் அகலம் விட்டு இன்னொரு கோடு. மூக்குவாரின் கீழ்விளிம்பு இந்த இரண்டாவது கோட்டுக்குக் கீழே எந்த நேரத்திலும் இறங்கக் கூடாது, லகானை இழுத்தபோதும்.

இனி மேல் எல்லை. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வரப்பு மாதிரி ஓடிவரும் எலும்புமேடு ஓரிடத்தில் முடியும். அந்த முனைக்கு ஒன்றரை முதல் இரண்டு விரல் கீழே வாரின் மேல்விளிம்பு நின்றால் போதும். மேட்டின்மேலேயே உட்கார்ந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் எலும்பில் உரசிப் புண்ணாக்கும். அந்த முனைக்குச் சற்று முன்னால், மேல்பக்கமாக, முகத்தின் உணர்வு நரம்பு எலும்பிலிருந்து வெளியே வரும் சின்னத் துளை இருக்கிறது. வாரின் மடிப்போ வளையத்தின் விளிம்போ சரியாக அங்கே குத்தினால் குதிரை தலையை உதறும். பார்ப்பவர்கள் அதற்குத் திமிர் என்று பெயர் வைப்பார்கள்.

குட்டை முகக் குதிரைகளில் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இடம் ரொம்பக் குறைவு. அங்கே அகலமான மூக்குவார் போட்டால் ஏதாவது ஒரு பக்கம் மீறும். ஒல்லியான வாரை எடுத்து அடியில் மெத்தை வையுங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? குதிரை மூக்கால் மட்டும்தான் மூச்சுவிடும். நம்மைப் போல வாயால் இழுத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. வார் மெத்தென்ற பகுதிக்கு இறங்கினால் காற்றுவழி நெருங்கும். முழு ஓட்டத்தில் இருக்கும் குதிரைக்கு அது பயம். பயந்த குதிரை தலையைத் தூக்கும், தலை தூக்கினால் நாம் இன்னும் இழுப்போம். எலும்பு நுனி மெல்லியது, ஓங்கிய இழுப்பில் முறியவும் கூடும்.

மூக்கின் நடுத்தண்டில் வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கன்னத்துப் பக்கம் நுழைத்துப் பார்த்துவிட்டு சரி என்று சொல்லாதீர்கள். அங்கே எப்போதும் இடம் இருக்கும். சைடுபுல்லுக்கு மட்டும் ஒரு விரல்: தளர்ந்தால் இழுக்கிற பக்கம் முழு தலைவாரும் சுழன்று, எதிர்ப்பக்கக் கன்னவார் கண்ணில் ஏறும். தாடைச் சங்கிலியின் கண்ணிகள் முறுக்கில்லாமல் தட்டையாகப் படிய, ஷாங்க் செங்குத்தாக நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி. ஷாங்க் சுமார் 45 பாகை பின்னால் போகும்போது சங்கிலி தாடையைத் தொட வேண்டும். அதற்கு முன்பே தொட்டால் இறுக்கம், ஷாங்க் படுத்தபின்னும் தொடாவிட்டால் தளர்ச்சி. தளர்ந்த ஹாக்கமோர் மேலும் கீழும் ஆடி மூக்கைத் தேய்த்துவிடும்.

தொண்டைவாரை வேண்டாத அலங்காரம் என்று கழற்றிவிடுகிறார்கள். வாயில் பிட் இருந்தால் அதுவே தலைவாரைப் பிடித்துவைக்கும். இங்கே அந்தப் பிடி கிடையாது. தொண்டைவார் இருக்கட்டும், ஒரு கைமுட்டி நுழையும் தளர்வோடு.

புதுத் தோல் நாலைந்து சவாரிக்குள் நீளும், ஹாக்கமோரின் உலோகக் கனம் அதை இன்னும் இழுக்கும். முதல் நாள் சரியாக இருந்தது இரண்டாவது வாரம் அரை அங்குலம் இறங்கியிருக்கும். சாக்பீஸ் கோட்டை மறுபடி போட்டுப் பாருங்கள்.

கேள்வி: குட்டை ஷாங்க் ஹாக்கமோர்தான் போட்டிருக்கிறேன். நேர்கோட்டில் அருமையாக அடங்குகிறது. ஆனால் திருப்பத்தில் உள்லகானை இழுத்ததும் தோளைக் கீழே போட்டு டிரம்மை இடித்துவிடுகிறது. பிட்டில் இருந்தபோது இப்படி இல்லை. (வாசகி, கால்கரி, கனடா)

வீடியோ எடுத்து, திருப்பத்தில் வெளிப்பக்கக் கன்னத்தை நிறுத்திப் பாருங்கள். வெளி ஷாங்கும் கன்னவாரும் கண்ணை நோக்கி ஏறியிருக்கிறதா? அப்படியானால் உங்கள் ஹாக்கமோரின் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கட்டுண்ட வகை. உள்கையின் இழுப்பு மூக்கைத் திருப்பவில்லை, முழு சட்டத்தையும் முறுக்குகிறது. சங்கிலியும் சேர்ந்து இறுகுகிறது. குதிரைக்குப் போகும் செய்தி ‘திரும்பு’ அல்ல, ‘நில்’. முன்னங்காலில் பிரேக் விழுந்தால் தோள் இறங்காமல் என்ன செய்யும்?

ஷாங்க் தனித்தனியாக அசையும் வகைக்கு மாறுங்கள். அல்லது மூக்குவாரின் மட்டத்திலேயே பக்க வளையம் உள்ளதை வாங்கி, பயிற்சியில் இரண்டு லகான் பிடியுங்கள்: திருப்பத்துக்கு வளையத்து லகான், அடக்குவதற்கு ஷாங்க் லகான்.

கையையும் பாருங்கள். பிட்டில் பழகிய கை உள்லகானைத் தொடைப்பக்கமாகப் பின்னால் இழுக்கும். ஷாங்க் உள்ள எதிலும் பின்னிழுப்பு என்றால் நெம்புகோல் வேலை செய்யும். கையைக் கொஞ்சம் முன்னும் மேலுமாகத் தூக்கி, சுண்டுவிரல் வானத்தைப் பார்க்க, மூக்கு ஒரு பிடி உள்ளே வந்ததும் விடுங்கள். திரும்பத் தொடுங்கள், விடுங்கள். நீளப் பிடி ஒன்று இருந்த இடத்தில் சின்னத் தொடல் மூன்று.

டிரம்முக்குப் பக்கத்தில் 4 முதல் 6 அடி இடம் விட்டு நுழைவதைப் பாக்கெட் என்போம். அது குறைந்திருந்தாலும் இடிக்கும். அதற்கு எந்தக் கடிவாளத்தையும் குறைசொல்ல முடியாது.

கேள்வி: ஹாக்கமோரோடு டை-டவுன் போடலாமா? (வாசகர், துல்சா, ஓக்லஹோமா)

டை-டவுன் என்பது குதிரை தலையைத் தூக்காமலிருக்க மூக்கிலிருந்து மார்புப்பக்கம் இறங்கும் வார். போடுகிறவர்கள் நிறைய. ஆனால் ஹாக்கமோரின் மூக்குவாரிலேயே டை-டவுனை மாட்டக் கூடாது. அதற்கென்று தனி மூக்குவார் வேண்டும், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்க முகத்தில் இடமும் வேண்டும். குட்டை முகத்தில் நடக்காது. நீளம்: குதிரை இயல்பாக நிற்கும்போது வாரை மேலே தள்ளினால் தொண்டையைத் தொட வேண்டும். டை-டவுனோடு ஓடையிலோ குளத்திலோ குதிரையை இறக்காதீர்கள். தலையைத் தூக்க முடியாமல் முழுகிவிடலாம்.

தலை தூக்குவதற்கு மருந்தாக இதைப் போடுவதென்றால், முதலில் வாரின் இடத்தை மேலே சொன்ன மாதிரி பார்த்துவிடுங்கள். பல சமயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: பிட்டிலிருந்து மாற எத்தனை நாள் பிடிக்கும்? அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. (வாசகி, பீனிக்ஸ், அரிசோனா)

அடுத்த மாதப் போட்டிக்குப் பழைய பிட்டிலேயே போங்கள். மாற்றத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள்.

முதல் வாரம் சேணத்தில் ஏறவே வேண்டாம். மூக்குவாரை மாட்டி, தரையில் நின்றபடி ஒரு பக்க லகானைத் தொடுங்கள். மூக்கு ஓர் அங்குலம் வந்தாலும் உடனே விடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது விடுவதிலிருந்துதான். இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தடவை, பின்வாங்கல் சில எட்டு, அன்றைக்குப் போதும். இரண்டாவது வாரம் வேலி போட்ட வட்டக்களத்தில் நடை, டிராட் என்ற துள்ளோட்டம். ஒருலகான் நிறுத்தத்தை இங்கேயே பழக்குங்கள்: ஒரு பக்கமாக மூக்கைக் கூட்டிவந்து, பின்காலை விலகவைத்து, நின்றதும் விடுவது. அதை முழுவேகத்தில் முதன்முதலாக முயன்றால் குதிரை கால் தடுக்கி விழக்கூடும். அதனால்தான் நடையிலேயே பழக்க வேண்டும்.

மூன்றாவது, நான்காவது வாரம் சைடுபுல்லையும் பழைய மென்பிட்டையும் சேர்த்துப் போட்டு இரண்டு ஜோடி லகான் பிடிக்கலாம். மூக்கு லகானால் கேட்பது, பதில் வராவிட்டால் மட்டும் பிட் லகான். கையில் வார் கூட்டம் சிக்குகிற மாதிரி இருக்கும், பழகிவிடும். பிட் லகான் தேவைப்படுவது குறையக் குறைய அதைக் கழற்றிவிடுங்கள்.

அதன்பின் டிரம்களுக்கு வாருங்கள். நடையில் முழுச்சுற்று, பிறகு டிராட், பிறகு மெல்லிய லோப் (நிதானப் பாய்ச்சல்). டிரம்முக்கு இரண்டு குதிரை நீளம் இருக்கும்போது ஆழமாக உட்கார்ந்து, கையைப் பிடரிப்பக்கம் இறக்கி, லகானைத் தொடாமலேயே வேகம் குறைகிறதா என்று பாருங்கள். உட்காருவதற்கே அடங்கத் தெரியாத குதிரைக்கு எந்த மூக்குவாரும் அதைச் சொல்லிக்கொடுக்காது. அந்த நிலையில் ஷாங்கை நீட்டுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. நாலு ஓட்டம் அடங்கும், ஐந்தாவதில் மூக்கு மரத்துவிட்டிருக்கும்.

முழுவேகம் கடைசி இரண்டு வாரத்தில், அதுவும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும். வெளியேறும் வாசல் மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: போட்டியில் பிட் இல்லாமல் அனுமதிப்பார்களா? (வாசகர், டல்லஸ்)

அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கத்தின் விதியில் பேரல் முதலிய நேரப்போட்டிகளுக்கு ஹாக்கமோரோ வேறு கடிவாளமோ சவாரி செய்பவரின் விருப்பம். கொடுமையானது என்று நடுவர் கருதினால் தடுக்கலாம். உள்ளூர்க் கிளப், பள்ளிப் போட்டி என்றால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மூக்கின்மேல் ஒரு கோடாக முடி உதிர்ந்து, இப்போது வெள்ளையாக முளைக்கிறது. அடியில் ஆட்டுரோமப் பட்டை போட்டுத்தான் இருந்தேன். (வாசகி, சான் அன்டோனியோ)

அந்தப் பட்டையையே திருப்பிப் பாருங்கள். ரோமத்துக்குள் அரீனா மணலும் வேர்வை உப்பும் இறுகி, உப்புத்தாள் மாதிரி ஆகியிருக்கும். ஒவ்வொரு சவாரிக்கும் பிறகு தட்டி, வாரம் ஒருமுறை துவைத்து முழுதாகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் இன்னும் மோசம். இரண்டு பட்டை வைத்துக்கொண்டால் மாற்றிமாற்றிப் போடலாம். தோல் வாரின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, சேணச் சோப்புப் போட்டு வையுங்கள்.

வெள்ளை முடி போகாது. முடிவேர் அடிபட்ட அடையாளம் அது. அதற்கடியில் எலும்பு மேடிட்டிருக்கிறதா, சூடு தெரிகிறதா, தொட்டால் தலையை இழுத்துக்கொள்கிறதா என்று பார்த்து, இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் தோல் ஆறும்வரை மூக்குவாருக்கு ஓய்வு. அந்த நாட்களில் பிட்டில் மெல்லச் சவாரி செய்யலாம். தினமும் ஒரே இடத்தில் அழுத்தாமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது எப்போதுமே நல்ல பழக்கம்.

கேள்வி: கடிவாளம் கழன்று விழுந்தும் ஒரு குதிரை தேசியப் போட்டியில் ஜெயித்தது என்கிறார்களே, உண்மையா, கட்டுக்கதையா? (வாசகர், சென்னை)

உண்மை. 1985, லாஸ் வேகாஸ், தேசிய ரோடியோ இறுதிச்சுற்று. நியூ மெக்சிகோ கிளேட்டனைச் சேர்ந்த சார்மேன் ஜேம்ஸும் அவருடைய ஸ்கேம்பரும். ஓட்டத்தின்போது கடிவாளம் கழன்றுபோனது. ஸ்கேம்பர் டிரம்களைச் சுற்றி முடித்து அந்தச் சுற்றை ஜெயித்தது. இந்த ஜோடி 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து ஆண்டு உலகப் பட்டம் வென்றது.

இதைச் சொல்லி ‘அப்படியானால் கடிவாளமே வேண்டாமே’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது அந்தக் குதிரை. நீங்கள் உங்கள் குதிரையின் தலைவாரில் உள்ள திருகாணிகளைப் பாருங்கள். மேற்கத்திய தலைவார்களில் தோலையும் உலோகத்தையும் சேர்ப்பது சிகாகோ ஸ்குரூ என்ற இரண்டு துண்டுத் திருகாணி. அதிர்விலும் தோல் காய்ந்து சுருங்குவதிலும் தானாகத் தளரும். ஒருமுறை கழற்றி, மரையில் நகப்பாலிஷ் ஒரு சொட்டு விட்டு முடுக்கிக் காயவிடுங்கள். ஓட்டத்துக்கு முன் எல்லாத் திருகாணியையும் கட்டைவிரல் நகத்தால் திருகிப் பாருங்கள்: கன்னவார் இரண்டு, லகான் முனை இரண்டு, சங்கிலிக் கொக்கி. நகத்துக்கு அசைந்தால் ஸ்குரூடிரைவர் எடுத்து முடுக்கிவிட்டு ஏறுங்கள். பழைய ஹாக்கமோர் வாங்கும்போதும் முதலில் இதைப் பாருங்கள். அப்படியே அச்சுத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, மூக்குவாரின் உள்ளே இருக்கும் கம்பி தோலைக் கிழித்து எட்டிப் பார்க்கிறதா என்றும் பாருங்கள்.